பட்டவன் எழுந்து நடக்கும் களம்

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் பெருந்திருவிழா நிறைவெய்திய பின்னர் வரும் நாள்களில், தீவகத்துப் பாடசாலை ஆசிரியர் எவரேனும் தம் மாணவரின் புத்தகப் பைகளைத் திறந்து பார்ப்பாராயின், கணக்குக் கொப்பிக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே கரிய பிளாஸ்ரிக் துவக்கு ஒன்றினைக் காணுதல் கூடும். திருவிழாக் கடைகளில் விற்கப்படும் மலிந்த பொருள் அது. உள்ளே ஒரு சுருள்வில். அதனை இழுத்து விட்டால், மிளகினுஞ் சற்றுப் பெரிய மஞ்சட் குண்டொன்று குழல்வழியே பாயும். பிள்ளைகள் அதனைக் கொண்டு இரு கட்சியாகப் பிரிந்து போர் ஆடுவர். களத்திற்குக் குறைவில்லை. உரிமையாளர் கடல்கடந்து சென்றுவிட, கூரை இடிந்து, கிணறு திறந்து கிடக்கும் வீடுகள் ஒவ்வொரு தீவிலும் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையில் இத்துவக்குகள் அனைத்தும் பறிக்கப்பட்டு அலுமாரியொன்றிற் பூட்டி வைக்கப்பட்டன. ஆசிரியராகிய நாமும் அதில் முன்னின்றோம். கடமை முடிந்ததென்றும் எண்ணினோம். இரண்டு கிழமை கழிந்து ஒருநாட் காலை, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தலையை ஒருபுறஞ் சாய்த்துப் புத்தகத்தை வாசிக்கக் கண்டோம். முதனாள் மாலை, ஆளில்லா வீடொன்றில், பறிபடாது எஞ்சிய துவக்கொன்றின் குண்டு அவன் வலக்கண்ணிற் பட்டிருந்தது. தண்டனைக்கு அஞ்சி வீட்டிலே சொல்லவில்லை. உடன் விளையாடியோரும் சொல்லவில்லை. படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையுங் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைய நண்பகலாயிற்று. கண் பிழைத்தது, பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. ஓர் இரவு வீணாகாதிருப்பின் என்ன ஆகியிருக்கும் என்ற வினாவுக்கு வைத்தியர் விடை கூறவில்லை. எம்மிடமும் விடையில்லை. ஆயின் அந்த இரவை அவன் மறைத்தமைக்கு எமது பூட்டும் ஒரு காரணம் என்பதை நாம் அறிவோம்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் எம்மனத்தை விட்டகலாத வினா ஒன்றுண்டு. போரின் சாயலுள்ள ஆட்டம் எந்த எல்லைவரை ஆட்டம்? எவ்விடத்தில் அது போராகின்றது? இவ்வினாவை எழுப்புதற்குத் தீவகத்தினும் தக்க இடம் வேறில்லை; ஏனெனில் இம்மண்ணின் வரலாற்றில் இரண்டும் அருகருகே கிடக்கின்றன.

நடுவர் வந்த தீவு

தீவகத்தைப் பற்றிய மிகப் பழைய கதையே போர் நிறுத்தப்பட்ட கதை. சாத்தனாரின் மணிமேகலை, மணிபல்லவத்தில் மணிகள் இழைத்த ஆசனமொன்றிற்காக நாக வேந்தர் இருவர் பொருதனர் என்றும், புத்தர் தோன்றி அவ்விருக்கையில் அமர்ந்து அறமுரைத்துப் போரைத் தவிர்த்தார் என்றுங் கூறும். பாளி மொழி மகாவம்சமும் நாகதீபத்தில் நிகழ்ந்ததாக இத்தகைய கதையொன்றைச் சொல்கின்றது. மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்வோர் பலர். கதையின் மெய்ம்மை ஈண்டு எமக்கு வேண்டுவதன்று. படை இரண்டு எதிர்நின்ற இடத்தில், இரு சாராரும் ஒப்பும் மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்ற உணர்வு இம்மண்ணோடு இரண்டு மொழி இலக்கியங்களிற் பிணைந்து கிடக்கின்றது என்பதே வேண்டுவது.

பண்டைத் தமிழர் போரையும் வரம்பின்றி விட்டுவிட விரும்பினாரல்லர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டு, அம்பு விடுமுன் பசுக்களுக்கும் பார்ப்பாருக்கும் பெண்டிருக்கும் பிணியுடையோருக்கும் புதல்வரைப் பெறாதோருக்கும் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவித்தலை அறத்தாறு எனப் போற்றுகின்றது. அப்பட்டியலில் வருணப் படிநிலையின் சாயல் உண்டு. உழுவோனையும் வலைஞனையும் அது தனித்து நினைக்கவில்லை. ஆயினும் களத்துக்கு வெளியே நிற்போர் உளர், அவரை முதலில் விலக்க வேண்டும் என்ற கருத்து அங்கே தெளிவாக இருக்கின்றது.

பிள்ளைகளின் கையில் போர்க்கருவியின் உருவம் கொடுக்கப்படுவதும் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. களத்தில் முழங்கிய பறையும் வேந்தன் ஊர்ந்த தேரும் 'சிறு' என்னும் அடையைப் பெற்றுக் குழந்தையின் கைக்கு வந்தன. அச்சிறு அடைமொழியில் ஒரு சமுதாயத்தின் கவனம் அடங்கியிருக்கின்றது. பெரியதைச் சிறியதாக்கி, ஊறு செய்யாததாக்கிய பின்னரே அது பிள்ளைக்குரிய பொருளாயிற்று. இன்று கடையில் விற்கும் துவக்கின்மேல் அந்தச் 'சிறு' என்னும் அடையை யார் இட்டார்? எவரும் இடவில்லை. இலாபம் நோக்கிய வணிகம், மெய்த்துவக்கிற்கு எவ்வளவு நெருங்கி நிற்கின்றதோ அவ்வளவு விற்பனை என்ற கணக்கை மட்டுமே அறியும்.

துவக்கு வந்த வழி

துவக்கு என்ற சொல்லும் துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கி மொழியின் வழி வந்தவை. கருவியோ தீவகத்திற்குப் போர்த்துக்கேயரின் கப்பல்வழி வந்தது. 1560இல் அவர் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தாக்கினர். 1619இல் அதனை முற்றாகக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலே கடலின் நடுவே எழுந்து நிற்கும் கடற்கோட்டை அந்த ஆட்சியின் எச்சம். 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்தோர் குடிநீரற்றுச் சரணடைந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை தாகத்தால் வீழ்ந்தது. வென்றவர் அதற்கு ஹமன்ஹீல் எனப் பெயரிட்டனர்; தீவுகளுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. எவர் கையிலே துவக்கு இருந்ததோ அவர் பெயரிடும் உரிமையையும் எடுத்துக்கொண்டார்.

அதே கடற்கோட்டையில், 1971 ஏப்ரிற் கிளர்ச்சியை அடுத்து, ஜே.வி.பி. இளைஞர் சிறைவைக்கப்பட்டனர். வேலையும் நிலமும் இன்றித் தவித்த கிராமத்து இளைஞர் வேட்டைத் துவக்குகளையும் கைக்குண்டுகளையும் ஏந்திப் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவரிற் பலர் பாடசாலையை விட்டுச் சில ஆண்டுகளே ஆனவர். பின்னர் வடக்கிலும் அதே வயதினர், அவரினும் இளையோர், துவக்கேந்தினர். பதினெட்டு நிரம்பாதோர் படைக்குச் சேர்க்கப்பட்டமை ஐக்கிய நாடுகளின் அறிக்கைகளிற் பதிவாயிற்று. பிள்ளையின் விளையாட்டு உரிமையை ஏற்ற சிறுவர் உரிமைச் சாசனம் 1989இல் நிறைவேறியது; இலங்கை 1991இல் அதனை ஏற்றது. இலங்கைச் சிறுவர் பலர்க்கு அந்த ஆண்டுகள் விளையாட்டின் ஆண்டுகளாக அமையவில்லை.

தீவகம் பட்ட துயரை இங்கு விரித்துரைத்தல் வேண்டா. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களுங் குழந்தைகளும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். குற்றச்சாட்டு கடற்படையினர்மீது எழுந்தது. 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் ஊர்காவற்றுறைத் தீவில் தரையிறங்க, மக்கள் இடம்பெயர்ந்தனர். 1992 ஓகஸ்ட் 8ஆம் நாள் அதே தீவின் அராலி முனையில் நிலக்கண்ணி வெடித்து, தளபதி டென்சில் கொப்பேகடுவவும் உடன்வந்த அதிகாரிகளும் மாண்டனர். 2006 ஓகஸ்ட்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்திற் புகலடைந்திருந்தோர்மீது எறிகணை வீழ்ந்தது. அரண் தேடிக்கொள்க என்று கூறிய பழைய அறம், அரணையே குறியாக்கிய காலத்தில் எங்கே நின்றது?

இத்தகைய மண்ணில் ஒரு சிறுவன் மற்றொருவனை நோக்கித் துவக்கை நீட்டும்போது, திண்ணையில் இருக்கும் அவன் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வதை நாம் பார்த்திருக்கின்றோம். 2009இற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அது விளையாட்டு, பாட்டிக்கு அன்று. இருவர் கூறுவதும் உண்மையே. ஆசிரியரின் பணி இவ்விரண்டு உண்மைகளுக்கும் நடுவே தொடங்குகின்றது.

ஆட்டத்தின் சட்டம்

போர் என்ற பெயரையே தாங்கிய ஆட்டம் யாழ்ப்பாணத்தில் உண்டு. சித்திரைப் புத்தாண்டில் ஆடவர் போர்த்தேங்காய் அடிப்பர். ஒருவர் தம் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தம் கைத்தேங்காயால் அதனை மோதுவர், உடைந்தது தோற்றது. சுற்றிநின்று பார்க்கும் ஊர், வைரித்த ஓட்டைப் புகழும். வீம்பும் பந்தயமும் ஆரவாரமும் குறைவின்றி நிகழும். ஆனால் அடியைத் தாங்குவது தேங்காய். மனிதரின் மோதல் வேட்கையை ஒரு தேங்காயின்மேல் ஏற்றிவைத்த மக்களின் அறிவை நாம் இன்னும் நன்கு ஆராய்ந்தோமில்லை.

கிளித்தட்டு இதனினும் நுட்பமானது. நிலத்தில் கோடிட்ட தட்டுகளை ஒரு சாரார் காப்பர். மறுசாரார் தொடப்படாது கடக்க முயல்வர். தொடுகை உடலில் எத்தடத்தையும் விடுவதில்லை. விரல்நுனி பட்டதா, சட்டை மட்டும் அசைந்ததா என்பதைத் தொட்டவனும் தொடப்பட்டவனுமே அறிவர். ஆகவே ஆட்டம் முழுவதும் ஒரு சொல்லைத் தாங்கி நிற்கின்றது: 'பட்டது' என்று பட்டவனே ஒப்புக்கொள்ளும் சொல். அச்சொல் பொய்த்தால் கோடுகள் வெறுங் கோடுகளே.

கிட்டிப்புள்ளும் எமது ஆட்டமே. ஆயின் பறந்துவரும் புள்ளு கண்ணைக் கெடுக்கும் என்ற அச்சம் பெரியோர்க்கு எப்போதும் இருந்தது. பழமை என்பதனால் ஓர் ஆட்டம் தீங்கற்றதாகிவிடாது. புதுமை என்பதனால் தீயதும் ஆகிவிடாது. வரம்பு உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

இதனை மனத்திற் கொண்டே, எயார்சொப்ட் என இன்று உலகெங்கும் வழங்கும் ஆட்டத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். எமது திருவிழாக் கடைத் துவக்கு அதன் ஏழை உறவினன். அது தோன்றிய நாடு யப்பான். போரில் வீழ்ந்து, ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் கண்டு, 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பில் போரைத் துறந்த நாடு அது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் சுடுகலன் வைத்திருத்தலை மிகக் கடுமையாக மட்டுப்படுத்தியது. எழுபதுகளில், சுருள்வில்லாலும் அழுத்திய வாயுவாலும் பிளாஸ்ரிக் குண்டை உந்தும் போலித்துவக்குகள் அங்கே பரவின. 1991இல் மின்கலத்தால் இயங்கும் வகை சந்தைக்கு வந்தது. அவற்றைக் கொண்டு இரு கட்சியாகக் காட்டிலும் வெளியிலும் ஆடினர். குண்டு 6 மில்லிமீற்றர் விட்டமுடையது. உடையிற் பட்டால் நிறமோ கறையோ விடாது. பட்டவனே கையுயர்த்திக் கூறிவிட்டுக் களத்தை விட்டு நடக்க வேண்டும். கிளித்தட்டின் அதே சொல், கடல்கடந்து வேறு மொழியில்!

ஆயினும் நேர்மை மட்டும் போதாதென்பதையும் அந்நாடு கண்டது. விசை கூட்டப்பட்ட துவக்குகளால் ஓடும் வாகனங்கள் சுடப்பட்டன. 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, இவ்வகைக் குண்டின் சக்தி 0.98 யூலுக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. பத்து வயதினர் முதலாக ஆடும் வகைக்கு 0.135 யூல் என்ற மிகத் தாழ்ந்த எல்லையை உற்பத்தியாளர் வகுத்துக்கொண்டனர். மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.98 யூல் சக்தி பெற்ற 0.20 கிராம் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 99 மீற்றர் விரையும், 0.135 யூல் பெற்ற 0.12 கிராம் குண்டு ஏறத்தாழ 47 மீற்றர். தோலுக்கு இவை சுள்ளென்ற வலியோடு முடியலாம். கண்ணுக்கு இரண்டும் ஆபத்தே. திருவிழாக் கடைத் துவக்கிலோ சக்தியின் அளவு எழுதப்பட்டிருத்தலே அரிது.

தீவக மக்கள் பெருந்தொகையாக வாழும் பிரான்சில், 1999ஆம் ஆண்டு ஆணை 0.08 யூலுக்கு மேற்பட்ட போலித்துவக்குகளைப் பதினெட்டு நிரம்பாதோருக்கு விற்றலைத் தடுத்தது. பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் போலித்துவக்கைப் பதினெட்டு நிரம்பாதோர் வாங்குதலைத் தடுத்தது. இளையோர் ஆடுதல் அங்கெல்லாம் ஒழிந்துவிடவில்லை. ஒழுங்கான களங்களில், பெரியோர் மேற்பார்வையில் அது நிகழ்கின்றது. விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் சிலர் அக்களங்களின் கதையை எம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர். களத்தின் கதையைச் சொல்வோர் கண்கவசத்தின் கதையையும் சொல்லுதல் நன்று.

வரம்பற்ற இடத்தில் நேர்வது யாது என்பதற்கு ஒரு சான்று போதும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 2014 நவம்பர் 22ஆம் நாள், தமிர் றைஸ் என்னும் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் பூங்காவொன்றில் எயார்சொப்ட் துவக்கோடு விளையாடிக்கொண்டிருந்தான். போலி என்பதைக் காட்டும் செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. வந்திறங்கிய பொலிஸ்காரர் இரண்டொரு வினாடிக்குள் அவனைச் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். வழக்குத் தொடரப்படவில்லை. விளையாட்டுத் துவக்கின் தோற்றம் ஒரு காரணம். கறுப்புத் தோலை ஆபத்தென்று காணப் பழகிய கண் அதனினும் பெரிய காரணம். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

வகுப்பறைக்கு உரியன

ஆகவே ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியன யாவை? பூட்டி வைத்தல் தோற்றது. கண்டுங் காணாதிருத்தல் அதனினுங் கேடு. கற்பித்தலே எஞ்சுகின்றது.

முதலிற் கண். முகத்தோடு ஒட்டி, பக்கங்களும் மூடிய, மோதலைத் தாங்குமெனச் சோதிக்கப்பட்ட கவசமின்றி ஒரு பிள்ளையும் களத்துக்குட் செல்லலாகாது. பார்த்துநிற்போரும் அணிய வேண்டும். வெயிற்கண்ணாடி கவசமாகாது, உடைந்தால் அதுவே ஊறாகும். பல்லையும் முகத்தையும் மூடும் மறைப்பும் வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டதென நடுவர் கூறும்வரை, வியர்த்தாலும் பனித்தாலும் கவசத்தைக் கழற்றலாகாது. கவசம் இல்லையேல் ஆட்டமில்லை. அன்று கிளித்தட்டு ஆடலாம்.

கண்ணில் அடிபட்டால் தேய்த்தலும் அழுத்தலும் கூடா. மேலே படாதவாறு ஒரு கிண்ணம் போன்றதைக் கவிழ்த்து மூடி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெளியே காயம் தெரியாதபோதும் உள்ளே குருதி கசிதலும் விழித்திரை விலகுதலும் நேரலாம். நகரத்துப் பிள்ளைக்கு வைத்தியசாலை தெருமுனையில். தீவகத்துப் பிள்ளைக்குக் கடலுக்கு அப்பால். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகுப் பயணமே ஏறத்தாழ ஒரு மணிநேரம். அந்திக்குப் பின் படகு கிடைப்பதும் அரிது. கடல் பெருகப் பெருக எமது கவனமும் பெருக வேண்டும்.

அடுத்தது இடம். ஆளில்லா வீடு களமாகாது. திறந்த கிணறும் இற்ற கூரையும் அங்கே காத்திருக்கின்றன. நிலக்கண்ணித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது; ஆயினும் போர் நடந்த மண்ணில், அறியாத இரும்புப் பொருள் எதனையும் தொடாது, இடத்தை நினைவிற் கொண்டு பெரியோர்க்கு அறிவித்தல் என்றும் விதியாக நிற்க வேண்டும். களம் கோடிட்டதாக, வழிப்போக்கரும் கால்நடையும் புகாததாக, உரியவரின் இசைவு பெற்றதாக இருத்தல் வேண்டும். துவக்கு பையிலே மூடிச் செல்லவேண்டும். தெருவில், படகில், காவலர் முன்னிலையில் ஒருபோதும் வெளிப்படலாகாது. போலி என்பதைக் காட்டும் நிறத்தை அழித்தலும் விசையைக் கூட்டுதலும் கூடா. வெளிநாட்டிலிருந்து இத்தகையதை அனுப்ப எண்ணும் உறவினர், சுங்கத்தாரையும் பொலிசையும் முதலிற் கேட்டறிதல் கடன்.

இறுதியாக நடுவர். இரு கட்சியும் ஒப்பிய ஒருவர், நிறுத்து என்றால் அனைவரும் நிற்கும் ஒருவர், ஒவ்வோர் ஆட்டத்திலும் வேண்டும். ஆட விரும்பாத பிள்ளையைக் கோழை எனப் பழித்தலை அவர் தடுக்க வேண்டும். கட்டாயத்தால் நிகழ்வது ஆட்டமாகாது. மிக அண்மையில் நின்று சுடுதலையும் தலையைக் குறிவைத்தலையும் அவர் விலக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, காயப்பட்டேன் என்று கூறவரும் பிள்ளை தண்டனையை எதிர்கொள்ளமாட்டான் என்ற உறுதியை அவர் தர வேண்டும். எம் மாணவனுக்கு அந்த உறுதியை நாம் தரவில்லை.

போருக்கும் ஆட்டத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மாணவர் எம்மிடம் கேட்டால், நாம் கூறும் விடை இதுவே: ஆட்டத்தில் பட்டவன் 'பட்டேன்' என்று சொல்லி, எழுந்து, களத்தைவிட்டு நடந்து, மறுபடியும் ஆட வருவான். குமுதினியில் ஏறியவரும் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் இருந்தவரும் அவ்வாறு எழுந்து வரவில்லை. எழுந்து வருதலை உறுதிசெய்யும் வரம்புகள் அனைத்தையும் இட்ட பின்னரே ஒரு பிள்ளையின் கையிற் துவக்கின் உருவத்தைக் கொடுக்கும் உரிமை பெரியோர்க்கு உண்டு.

ஆனி மாதம் ஆண்டுதோறும் வருகின்றது, கடைகளும் வருகின்றன. அவை திறக்குமுன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குதல் தீவகத்துப் பாடசாலை எதற்கும் இயலும். எமது வகுப்பில் இப்போது அவ்வாறே செய்கின்றோம். அந்த மாணவன் வளர்ந்துவிட்டான். முதல் ஆண்டு அப்பாடவேளையில் அவனையே பேச அழைத்தோம். அதிகம் பேசவில்லை. வலக்கண்ணை மூடி எழுத்துகளை வாசித்தான். பின்னர் இடக்கண்ணை மூடி அவற்றையே வாசிக்க முயன்றான். வகுப்பு அமைதியாக இருந்தது. அன்று மாலை மூன்று பிள்ளைகள் தம் துவக்குகளைத் தாமே கொண்டுவந்து, கவசத்திற்கு என்ன விலை என்று கேட்டனர்.